ஐந்து முறை தட்டிய பெண்

கூடைப்பந்து ஆட்டத்தில் நான் பதினேழு விஷயங்களை எண்ணுவேன். கூடையில் விழுந்தது, விழாதது, எகிறி வந்ததைப் பிடித்தது, கையிலிருந்ததைக் கோட்டை விட்டது என்று பதினாறு. அவற்றை எல்லோரும் எண்ணுகிறார்கள். பதினேழாவது எனக்கு மட்டும் உரியது. எதிரணியின் ஃபவுலுக்காகக் கிடைக்கிற ஃப்ரீ த்ரோவை எறிவதற்கு முன்னால் ஒருத்தி பந்தைத் தரையில் எத்தனை முறை தட்டுகிறாள் என்பது அது. இதனால் யாருக்கு என்ன பயன் என்று என் மனைவி கேட்டிருக்கிறாள், மகன் கேட்டிருக்கிறான், அணியின் கோச் கேட்டிருக்கிறார். பயன் இல்லை என்றுதான் நானும் சொல்லிவந்தேன். கண்ணெதிரே நடக்கிறதை எண்ணாமல் எப்படி விடுவது?

அணி என்றது பெங்களூரின் பெண்கள் தொழில்முறை அணியை. லீக் தொடங்கி ஓர் ஆண்டுதான் ஆகிறது. மொத்தம் ஏழு அணிகள். வேறு விளையாட்டுகளில் இருப்பதுபோல் ஏலம் கிடையாது. விருப்பப் படிவம் கொடுத்த கல்லூரிப் பெண்களின் பெயர்கள் ஒரே பட்டியலாக வரும். சீட்டுக் குலுக்கி ஏழு அணிகளுக்கும் வரிசை போடுவார்கள். அந்த வரிசையில் ஆளுக்கு ஒரு பெண்ணாக எடுத்துக்கொண்டே போக வேண்டும். நான்கு சுற்று. ஒரு பெண்ணை ஓர் அணி எடுத்துவிட்டால் மற்றவர்களுக்கு அவள் இல்லை. இதற்கு டிராஃப்ட் என்று பெயர்.

நான் ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையில் புள்ளிவிவரப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். சனி ஞாயிறுகளில் முப்பத்தெட்டு வருடம் கூடைப்பந்து மைதானங்களில் ஸ்கோர் மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். இன்றைய கோச் அந்த நாளில் பாவாடை மாதிரி தொளதொளத்த கால்சட்டை போட்டுக்கொண்டு ஆடிய சிறுமி. நான்கு ஃபவுல் ஆகிவிட்டது, இன்னொன்றானால் வெளியே, ஜாக்கிரதை என்று மேசையிலிருந்து கண்ணால் அவருக்கு எச்சரித்திருக்கிறேன். அப்படிச் செய்யக்கூடாது, செய்தேன். கன்னடக்காரர், மைதானத்திலேயே கற்ற தமிழ். அவர்தான் இந்த ஆண்டு என் வீட்டுக்கு வந்து, "அங்கிள், காலேஜ் டோர்னமெண்டு அஞ்சு நாள் இருக்கு. நீங்க சும்னே உக்காந்து எண்ணுங்க, சாக்கு" என்று கேட்டார். கன்னடத்தில் சாக்கு என்றால் போதும் என்று அர்த்தம். எனக்கும் அது போதுமாகத்தான் இருந்தது. ஓய்வு பெற்று பதினோரு வருடமாக வீட்டுப் படிகளையும், லிங்கராஜபுரம் மேம்பாலத்தின் விளக்குகளையும் எண்ணிக்கொண்டிருந்தவன் நான்.

ஐந்து நாள். பன்னிரண்டு கல்லூரிகள். காலை எட்டு மணிக்கு முதல் ஆட்டம். மனைவி ஒரு டப்பாவில் எலுமிச்சைச் சாதமும், இன்னொன்றில் மாத்திரைகளும் வைத்து அனுப்புவாள். நடுக்கோட்டுக்கு நேராக மூன்றாம் படியில் உட்காருவேன். எண்ணின கணக்கை ஜெர்சி எண்ணுக்கு நேரே கோடு கோடாகப் போடுவேன். பெயர் எழுத மாட்டேன். பெயர் எழுதுகிற நேரத்தில் இரண்டு பந்து போய்விடும். முகமும் பார்ப்பதில்லை. கண்புரை அறுவைக்குப் பிறகு அந்தத் தூரத்தில் முகங்கள் எல்லாம் ஒரே மாதிரி மங்கல், முதுகில் இருக்கிற எண் மட்டும் பளிச்சென்று தெரியும். தவிர, நான் மேசையில் உட்கார்ந்த காலத்தில் ஒருத்தி ஏழாம் எண் என்றால் படிப்பு முடிகிறவரை ஏழாம் எண்தான். சட்டையை மாற்றிக்கொடு என்றால் சண்டைக்கு வருவார்கள்.

ஐந்தாம் நாள் முடிந்ததும் பத்து எண்களைத் தேர்ந்து கோச்சிடம் கொடுத்தேன். அவர் அவற்றைப் பெயர்களாக மாற்றி, பட்டியலோடு ஒப்பிட்டு, "பர்ஃபெக்ட் அங்கிள்" என்றார். எனக்கு அந்தச் சொல் பிடிக்காது. எதுவும் அப்படி இருப்பதில்லை.

மறுநாள் மத்தியானம் வீட்டில் நோட்டைப் படி எடுக்க உட்கார்ந்தேன். இது அந்தக் காலத்துப் பழக்கம். மைதானத்தில் எழுதியது கரடு. அதைச் சுத்தமான தாளில் ஏற்றினால்தான் வேலை முடிந்ததாக எனக்குத் தோன்றும். ஒரு கல்லூரியின் பக்கங்களை ஏற்றிக்கொண்டிருந்தபோது பதினேழாவது பத்தியில் கை நின்றது.

பதினைந்தாம் எண், முதல் நாள் ஐந்து முறை தட்டியிருக்கிறாள். இரண்டாம் நாள் இரண்டு முறை. மூன்றாம் நாளும் இரண்டு.

இது நடக்காது. ஒரு பெண் தலைமுடி வெட்டிக்கொள்ளலாம், எறிகிற கையைக்கூட மாற்றலாம். தட்டுகிற எண்ணிக்கை மட்டும் மாறாது. இரண்டு தட்டுகிறவள் பேரன் பேத்தி எடுத்த பிறகும் இரண்டுதான் தட்டுவாள். அப்படியானால் நான் தப்பாக எண்ணியிருக்கிறேன். என் அண்ணனுக்குக் கடைசி வருடங்களில் ஞாபகம் போயிற்று. அதுவும் இப்படித்தான் சின்னதாக ஆரம்பித்தது. நான் எழுந்து போய் மாடிப்படியை எண்ணினேன். பதினாறு. எப்போதும் பதினாறுதான். மறுபடி ஏறி எண்ணினேன்.

"என்னங்க, மேல என்ன தேடுறீங்க?" என்று மனைவி அடுப்படியிலிருந்து கேட்டாள்.

"ஒன்றுமில்லை."

"ஒன்றுமில்லாததுக்கு ரெண்டு தடவை ஏறுனீங்களா? முட்டி வலின்னு ராத்திரி என்கிட்ட வராதீங்க."

கீழே வந்து அதே கல்லூரியின் ஐந்து ஆட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். முதல் நாள் ஐந்து தட்டியது பதினைந்து. இரண்டாம் நாள் ஆறு. மூன்றாம் நாள் பதினொன்று. நான்காம் நாள் மறுபடி ஆறு. ஐந்தாம் நாள் நாலாம் எண். அந்தக் கல்லூரியில் ஒரு நாளைக்கு ஒருத்தி, ஒரே ஒருத்தி ஐந்து முறை தட்டியிருக்கிறாள். ஐந்து தட்டுவது அபூர்வம். ஐந்து நொடிக்குள் எறிந்தாக வேண்டும், அதனால் பெரும்பாலோர் இரண்டு, மூன்றோடு நிறுத்திக்கொள்வார்கள். அந்த ஐந்து தட்டல் எந்த எண்ணுக்குப் போனதோ அந்த எண்ணுக்குத்தான் அன்றைக்கு ரீபவுண்டும் போயிருந்தது. கூடையில் மோதித் திரும்புகிற பந்தைப் பிடிக்கிற வேலை அது. ஒன்பது, எட்டு, பதினொன்று, ஏழு, பத்து. கூட்டினால் நாற்பத்தைந்து. மொத்தப் போட்டியில் வேறு யாருக்கும் முப்பத்திரண்டைத் தாண்டவில்லை.

சட்டைகள்தாம் மாறியிருக்கின்றன. நான் சட்டைகளுக்குக் கணக்கு வைத்திருக்கிறேன். ஒரே பெண்ணை நான்கு எண்களில் பிய்த்துப் போட்டு, எதிலும் அவள் தேறாதபடி செய்து, அதைப் பத்தும் சரியான பத்து என்று கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். முப்பத்தெட்டு வருட அனுபவம்.

அந்தக் கல்லூரியின் உடற்கல்வி ஆசிரியைக்குப் போன் செய்து சட்டை விஷயத்தைச் சொன்னேன்.

"அவளா? அவ நம்ம ட்ரெயின் பொண்ணு சார்," என்று சிரித்தார். "கே.ஜி.எஃப்.ல இருந்து டெய்லி வர்றா. அவ வந்து சேர்றதுக்குள்ள பையில நல்ல சைஸ் ஜெர்சி எல்லாம் காலி. மிச்சம் இருக்கறதப் போட்டுக்குவா. ஒரு நாள் தொங்கும், ஒரு நாள் புடிக்கும். ஒண்ணும் சொல்ல மாட்டா. மேட்ச் மேட்ச்சுக்கு நான்தான் லிஸ்ட்ல நம்பர் மாத்திக் குடுப்பேன். மேசைல உக்காந்திருக்கறவங்களக் கேட்டிருந்தா சொல்லியிருப்பாங்களே சார்."

கேட்டிருக்கலாம். பத்தடி தூரம்.

"படிவம் கொடுத்திருக்கிறாளா?"

"குடுத்திருக்கா சார். பைனல் இயர். இது கிடைக்கலன்னா விட்டுடுவேன் மிஸ்னு சொல்லிட்டா. வீட்ல வேலைக்கு ஏற்பாடு பண்ணிட்டாங்களாம்."

அன்று மாலையே கோச்சிடம் போய் ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். அவர் சிரித்தார், நிறையவே சிரித்தார். பிறகு நாற்பத்தைந்து என்ற எண்ணை விரலால் தடவிப் பார்த்தார். "சூப்பர் அங்கிள். ஆனா லேட்டா வர்ற பொண்ணு, அல்வா?" அல்வா என்றால் இல்லையா என்று அர்த்தம்.

"ரயில்தான் தாமதம்."

"எல்லாரும் ஏதாவது சொல்வாங்க. போன சீசன்ல ஒருத்தி இருந்தாளே. டிராஃபிக்கு, பாட்டிக்கு உடம்பு சரியில்ல, கேட் திறக்கல. பாதி சீசன் அவளுக்குக் காத்துக்கிட்டே போச்சு. நான் ரூல் போட்டுட்டேன். லேட்டு கேஸ் பேடா." பேடா என்றால் வேண்டாம். அதை அவர் தமிழில் சொன்னால் பேசிப் பார்க்கலாம். கன்னடத்தில் சொன்னால் முடிவு.

டிராஃப்டுக்குப் பத்து நாள் இருந்தது. மறுநாள் காலை ஏழு மணிக்கு நோட்டோடு கண்டோன்மென்ட் ஸ்டேஷனில் போய் உட்கார்ந்தேன். கே.ஜி.எஃப். வழியாக மாரிக்குப்பத்திலிருந்து வருகிற ரயில் ஏழரைக்கு வரவேண்டும். வந்து நின்ற நேரத்தைக் குறித்தேன். ஜனம் கொட்டியது. ஒரு தோளில் பை, கையில் ஷூ, இரட்டைப் பின்னலை மடித்துக் கட்டிய நெட்டைப் பெண் ஒருத்தி பெட்டியிலிருந்து குதித்து, பெஞ்சில் உட்கார்ந்து ஷூவை மாட்டி, ஓடினாள். நடக்கவில்லை, ஓடினாள். கல்லூரி மைதானத்தின் வாசலில் இருக்கிற காவலாளியிடம், அவள் நுழைகிற நேரத்தைக் குறித்து வைக்கச் சொல்லியிருந்தேன். நான் ஆட்டோ பிடித்து அங்கே போய்ச் சேர்ந்தபோது அவள் வந்து ஆறு நிமிடம் ஆகியிருந்தது.

மூன்றாம் நாள் காலையில் ஸ்டேஷனில் ஒருவர் என் முன்னால் வந்து நின்றார். ஐம்பது வயது இருக்கும். சட்டைப் பையில் ஸ்க்ரூடிரைவர். ரயிலிலிருந்துதான் இறங்கியிருந்தார்.

"சார், ஒரு நிமிஷம். இன்னா எழுதிக்கினு இருக்கீங்க?"

"நேரம்," என்றேன்.

"இன்னா நேரம்?"

"ரயில் வந்த நேரம்."

"ரயில்வேவா நீங்க?"

"இல்லை."

"மூணு நாளா பாக்குறேன். வண்டி நின்னதும் வாட்ச்சப் பாக்குறீங்க. அப்பால எம் பொண்ணப் பாக்குறீங்க. அப்பால எழுதுறீங்க. வயசுக்கு மரியாதை குடுத்துக் கேக்குறேன். இன்னா சமாச்சாரம்?"

எழுபத்தொரு வயதில் பிளாட்ஃபாரத்தில் இப்படி ஒரு கேள்வியைக் கேட்க நேரும் என்று நான் நினைத்ததில்லை. நோட்டை அவர் கையிலேயே கொடுத்துவிட்டேன். அவர் பக்கங்களைப் புரட்டினார். எல்லாம் கோடுகளும் எண்களும்.

"இதுல எம் பொண்ணு எங்க?"

"முதல் நாள் பதினைந்து. அப்புறம் ஆறு, பதினொன்று, ஆறு, நாலு."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உடம்பு நல்லா இருக்குதா சார் உங்களுக்கு? வாங்க, ஒரு டீ சாப்டுங்க."

டீக்கடையில் எல்லாவற்றையும் சொன்னேன். சட்டை, ஐந்து தட்டல், நாற்பத்தைந்து, கோச்சின் விதி. அவர் டீயை ஆறவிட்டுக் கேட்டார். அவருடைய தகப்பனார் தங்கச் சுரங்கத்தில் இருந்தவர். சுரங்கம் மூடிய பிறகு இவர் லிஃப்ட் மெக்கானிக் ஆகி, தொம்மலூரில் ஓர் அலுவலகக் கட்டடத்தில் இருக்கிறார். "அப்பா கீழ போற லிஃப்ட், நான் மேல போற லிஃப்ட், அவ்ளோதான் வித்தியாசம்," என்றார். மகளைத் தினமும் நாலு மணிக்கு எழுப்புவது இவர்தான்.

"ஒரு நாளும் இன்னும் அஞ்சு நிமிஷம்னு கேட்டது இல்ல சார். ரயில் நின்னு நின்னு வரும்போது மட்டும் வாசப்படியில நின்னுக்கினு ரயிலத் திட்டும். ஒயிட்ஃபீல்டுல ஒரு கம்பெனில சொல்லி வெச்சிருக்கேன். ஒண்ணாந்தேதி சேரணும். பந்து போதும்மான்னேன். இத ஒண்ணு பாத்துடறேம்பான்னுச்சு. எடுப்பாங்களா சார்? பொய் சொல்லாதீங்க."

"தெரியாது," என்றேன். "எடுக்கவைக்கத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்."

"அப்ப எழுதுங்க," என்று டீக்கு அவரே காசு கொடுத்தார். "ஆனா கொஞ்சம் தள்ளி உக்காருங்க சார். அங்க பொம்பளைங்க பெட்டி நிக்கும்."

நான்காம் நாள் அந்தப் பெண்ணே ஷூ மாட்டிக்கொண்டு பெஞ்சிலிருந்து என்னைப் பார்த்தாள்.

"நீங்கதானா சார் அது? நான் அஞ்சு தட்டுறேன்னு அப்பாகிட்ட சொன்னது?"

"ஆமாம்மா."

"எனக்கே தெரியாது சார். நேத்து சாயங்காலம் எறியும்போது எண்ணிட்டேன். பத்துல ரெண்டுதான் விழுந்துச்சு." குற்றம் சொல்கிற குரல்தான். அதற்கு மேல் நிற்க அவளுக்கு நேரம் இல்லை, ஓடிவிட்டாள். அன்று முழுக்க எனக்கு மனசு சரியில்லை. ஒரு பெண்ணின் ஃப்ரீ த்ரோவைக் கெடுத்துவிட்டேனே என்று மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை. சாயங்காலம் உடற்கல்வி ஆசிரியைக்குப் போன் செய்து, இன்றைக்கு எத்தனை விழுந்தது என்று கேட்டுக்கொண்ட பிறகுதான் நிம்மதி. எட்டு.

நான்கு நாள் கணக்கைச் சுத்தமான தாளில் ஏற்றிக் கோச்சிடம் வைத்தேன். ரயில் தாமதம் பன்னிரண்டு, இருபத்தொன்று, பதினேழு, ஒன்பது நிமிடம். ரயில் நின்றதிலிருந்து அவள் மைதான வாசலுக்கு வர எடுத்தது பதின்மூன்று, பதின்மூன்று, பன்னிரண்டு, பதின்மூன்று. ஷூ மாட்டுகிற நேரமும் அதில் அடக்கம்.

கோச் இரண்டாம் வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆட்டோல நீங்க எவ்வளவு?"

"பத்தொன்பது."

அவர் தாளை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார். "சரி அங்கிள். மூணாவது ரவுண்டுல எடுக்கறேன்."

எனக்கு அங்கேயே கவலை பிடித்துக்கொண்டது. மூன்றாவது எதற்கு, இரண்டாவதிலேயே எடுத்துவிடலாமே என்றேன். சீட்டில் நமக்கு வந்தது நாலாம் இடம். ஒவ்வொரு சுற்றிலும் நமக்கு முன்னால் மூன்று பேர் கை வைப்பார்கள்.

"ஃபர்ஸ்ட் ரெண்டுல உயரமா ஒருத்தி, தூரத்துல இருந்து எறியறவ ஒருத்தி. அவங்க நிக்க மாட்டாங்க, போயிடுவாங்க. இவள யாருக்கு அங்கிள் தெரியும்? அஞ்சு நாள் உக்காந்து எண்ணின உங்களுக்கே தெரியல, அல்வா?"

நான் நோட்டை மூடினேன்.

டிராஃப்ட் ஒரு ஹோட்டல் ஹாலில் நடந்தது. ஏழு மேசைகள். பின்னால் பெற்றோருக்கும் பெண்களுக்கும் நாற்காலிகள், பதினான்கு வரிசை. கடைசிக்கு முந்தின வரிசையில் லிஃப்ட் மெக்கானிக் இஸ்திரி போட்ட சட்டையில் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் அந்தப் பெண். என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினார். நானும் தூக்கினேன். முதல் சுற்றில் உயரமானவள் எங்களுக்குக் கிடைத்தாள். இரண்டாம் சுற்றில் எறிகிறவள் கிடைத்தாள். கோச் என் முழங்கையை இடித்து, "பாத்தீங்களா?" என்றார். மூன்றாம் சுற்று. முதல் அணி யாரையோ எடுத்தது. இரண்டாம் அணி யாரையோ எடுத்தது. கோச் அவள் பெயரை எழுதின சீட்டைக் கையில் எடுத்துக்கொண்டார்.

மூன்றாவதாகச் சென்னை அணி. மைக்கில் அவள் பெயரைச் சொன்னார்கள்.

கோச் சீட்டை மடித்தார். இன்னும் ஒரு மடிப்பு, இன்னும் ஒன்று. நான் எண்ணவில்லை. பட்டியலில் அடுத்திருந்த பெயரைச் சொல்லி எங்கள் முறையை முடித்தோம்.

சுற்று முடிந்து இடைவேளை விட்டதும் நான் சென்னை மேசைக்குப் போனேன். அவர்கள் கோச் என்னைவிட நாலைந்து வயது சின்னவர், சட்டைப் பையில் பேனாகூட இல்லை. கல்லூரிப் போட்டியில் பார்த்ததாகச் சொன்னார்.

"எந்த எண்ணில் ஆடினாள் என்று ஞாபகம் இருக்கிறதா?" என்று கேட்டேன்.

"நம்பரா? அதெல்லாம் யாரு சார் பாத்தா. ரெட்டைப் பின்னல் போட்ட பொண்ணு. பந்து எங்க எகிறி வருமோ அங்க முன்னாடியே போய் நிக்கும். மூணு மேட்ச் பாத்தேன், போதும்னு எந்திரிச்சுப் போயிட்டேன். ஏன் சார், எதுனா பிரச்சனையா?"

"ஒன்றுமில்லை. ரீபவுண்ட் நாற்பத்தைந்து," என்றேன். அவரிடமும் அந்த எண் இருக்கட்டும் என்று தோன்றியது.

திரும்பும்போது நடைபாதையில் லிஃப்ட் மெக்கானிக் என்னை மறித்தார். கண் சிவந்திருந்தது, முகம் குழம்பியிருந்தது.

"சார், கூப்ட்டது எம் பொண்ணத்தானே?"

"அவளைத்தான்."

"அது நம்ம டீமா?"

"இல்லை. சென்னை. எங்களுக்கு முன்னால் எடுத்துவிட்டார்கள்."

"உங்களப் பாத்துதான் நாங்க வந்தோம்." கொஞ்சம் யோசித்தார். "நல்ல டீமா சார் அது?"

பொய் சொல்லாதீர்கள் என்று டீக்கடையில் அவர் கேட்டிருந்தார். "போன வருடம் பன்னிரண்டு ஆட்டத்தில் எட்டு ஜெயித்தார்கள். நாங்கள் ஐந்து. ஹாஸ்டலும் அவர்களுடையது மைதானத்துக்கு எதிரிலேயே இருக்கிறது. எழுந்து பல் தேய்த்துவிட்டுப் போகலாம்."

"அப்ப நாலு மணிக்கு எழுப்ப வேணாம்," என்றார். சந்தோஷமாகத்தான் சொன்னார். ஆனால் சொன்ன பிறகு சுவரைப் பார்த்தார். நானும் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஹாலுக்குள்ளே அந்தப் பெண்ணைச் சுற்றிச் சென்னைக்காரர்கள் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவள் எல்லோரையும்விட ஒரு தலை உயரமாகத் தெரிந்தாள். இந்தத் தூரத்திலும் அந்த முகம் எனக்கு மங்கலாக இல்லை.

"அங்கிள்," என்று எங்கள் மேசையிலிருந்து கோச் கூப்பிட்டார். "நாலாவது ரவுண்டு. வாங்க."

"போகணும்," என்றேன். "இன்னும் ஒருத்தியை எடுக்கவேண்டியிருக்கிறது."

லிஃப்ட் மெக்கானிக் என் தோளைத் தட்டிக்கொடுத்தார். "போங்க சார். இந்தத் தடவ முன்னாடியே எடுத்துடுங்க."